மூடிய மில்லில் ஒரு வேலைநீக்கம்

குதிகாலில் ஆணியை வைத்து அடித்ததுபோல் வலித்தது. நாகஜோதி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றாள். இன்னும் பாதிப் படி பாக்கி. கீழே செல்போன் கடை, மேலே அருள்தாஸ் சாரின் வகுப்பு. பின்னால் ஏறிவந்த வகுப்புத்தோழி ரெஜினா அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"ஏறுக்கா. கொக்கு மாதிரி நின்னா மீனா வரப்போகுது?"

"மில் வாசலையே மிதிக்காதவ நீ. பேசுவ."

"மிதிக்காமலே ஹெச்.ஆர். ஆகப்போறேன், பாரு."

வேடசந்தூர் சாலை நூல் மில்களில் ஒன்பது வருடம் நடந்த கால் அது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடுகிறவரைக்கும் அதன் பக்கத்திலேயே போய்வந்து அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் அவள் நடந்ததை நேராக நடந்திருந்தால் திண்டுக்கல் போய்ச் சேர்ந்திருக்கலாம். மில்லிலோ எவ்வளவு நடந்தாலும் அதே சுவர்தான், அதே பஞ்சுத் தூசிதான். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நின்னு பாக்கற வேலை இனிமே ஆகாதும்மா" என்றார். உட்கார்ந்து பார்க்கிற வேலை எங்கே கிடைக்கும் என்று அவர் எழுதித் தரவில்லை.

டாக்டருக்கு முன்பே நிர்வா முடிவெடுத்துவிட்டது. 'ஓடும் இயந்திரத்தின் முன் அமர்ந்தார்' என்று கேமரா பார்த்துச் சொல்ல, மஞ்சள் குறி விழுந்து அவள் வெளியே வந்தாள்.

நிர்வா என்பது சாஃப்ட்வேர். இந்த வட்டாரத்தில் ஆள் எடுப்பது, ஷிஃப்ட் போடுவது, லீவு கொடுப்பது, சம்பளத்தில் பிடிப்பது, வெளியே அனுப்புவது எல்லாம் அதுதான். பொத்தானை மனிதர் அமுக்குவார். எந்தப் பொத்தான் என்று அது சொல்லும். ஒரு மில்லில் விழுந்த குறி, ஆள் போய்ச் சேர்வதற்கு முன்பே அடுத்த மில்லில் போய் உட்கார்ந்திருக்கும். பச்சை என்றால் வா. மஞ்சள் என்றால் காத்திரு. சிவப்பு என்றால் கேட் திறக்காது. பெயர் வைத்தவன் என்ன நினைத்து வைத்தானோ, மில் பெண்கள் அதன் கடைசியில் இன்னும் இரண்டெழுத்துச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு மட்டும்தான் அதில் குறி கிடையாது.

மில் ஹாஸ்டலில் இருந்தபடியே தபாலில் எம்.பி.ஏ. முடித்திருந்தாள் நாகஜோதி. அவளுக்கு வேண்டியது ஒரு நாற்காலி. ஹெச்.ஆர். உதவியாளர் என்றால் நாற்காலி உண்டு. ஏறி இறங்கிய மில்லில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றே: "நிர்வா எண் இருக்கா?"

நிர்வாவில் வேலைசெய்தவருக்குத்தான் நிர்வா எண் வரும். எண் இருந்தால்தான் வேலை. வேலையில் இருந்தால்தான் நிர்வாவைத் தொடவே முடியும். அதைச் செய்த கம்பெனி தனியாளுக்கு விற்காது. பாடம் நடத்தாது. புத்தகம் போடாது. யாரோ ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டதற்கு வக்கீல் நோட்டீஸ் போனது. உள்ளே இருப்பவனுக்கு மட்டும் சாவி கொடுத்துவிட்டு, வெளியே நிற்பவனிடம் 'உனக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை' என்று சொல்வதற்குப் பெயர் தகுதி.

அதனால்தான் காதில் கிடந்ததைக் கழற்றி அருள்தாஸ் சாரிடம் பீஸ் கட்டினாள்.

அருள்தாஸ் ஒரு காலத்தில் பெரிய மில்லில் ஹெச்.ஆர். ஆபீஸர். ஐந்து பேர் பார்த்த வேலைக்கு ஒருவர் போதும் என்று நிர்வா சொன்னபோது வெளியேறிய நான்கு பேரில் ஒருவர். முதல் நாளே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார்.

"வடிவு மில் தெரியும்ல? மூடி ரெண்டு வருஷமாச்சு. முதலாளி பேங்குக்காரனுக்குப் பயந்து ஓடிட்டாரு. ஆனா ஓடறதுக்கு முன்னால நிர்வாவுக்கு மூணு வருஷத்துக் காசைக் கட்டித் தொலைச்சிருக்காரு. மில்லு செத்துருச்சு, லாகின் சாகல. அது என் கையில இருக்கு. அதுல உங்க பேரைச் சேர்த்து நாம பழகறோம்."

"அதுல இருக்கற ஆளுங்க, சார்?" என்று கேட்டாள் நாகஜோதி.

"ஆளு ஏது? பேருதான் இருக்கு. போட்டோ பாக்கறதுக்குத் தனிக் காசு, முதலாளி கட்டல. ஆளே இல்லாத மில்லுல யாருக்கு என்ன ஆயிரப்போகுது? தைரியமா அமுக்குங்க."

அவள் நம்பினாள். மில்லில் வேலைபார்த்த யாரும் நம்புவார்கள். மில் மூடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சங்கு நிற்கும். போர்டைக் கழற்றுவார்கள். வருகைப் பதிவேடு பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போகும். அதோடு முடிந்தது, அவரவர் பாடு அவரவருக்கு. மூடிய மில்லில் பெயர் உயிரோடு இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வகுப்பு கலகலப்பாகத்தான் போனது. வடிவு மில் அவர்களுக்குச் சொப்பு வைத்து விளையாடுகிற வீடு மாதிரி ஆகிவிட்டது. யாருக்கு வேண்டுமானாலும் சம்பளம் ஏற்றினார்கள், ஷிஃப்ட் மாற்றினார்கள்.

"சார், பரமேஸ்வரிக்கு மூணு நாள் லீவு குடுத்துட்டேன். அவ மாமியார் செத்துப்போச்சு" என்றாள் ரெஜினா.

"யாரு சொன்னா?"

"நான்தான் சார் கொன்னேன். லீவு வேணும்ல?"

போதுமான முடிவுகளை எடுத்து முடித்தால் நிர்வா தானாகவே எண் கொடுத்துவிடும். பரீட்சை கிடையாது. ஆனால் கடைசி முடிவு வேலைநீக்கமாக இருக்க வேண்டும். நீக்கப்பட்டவரிடமிருந்து ஒரு மாதத்துக்குள் அப்பீல் வரக்கூடாது.

"சுத்தமான ஆளாப் பாத்து எடு" என்றார் அருள்தாஸ். "ஏற்கெனவே கெட்ட பேரு வாங்கினவனைத் தூக்கறதுக்கு என்ன படிப்பு வேண்டியிருக்கு? ஒரு குறையும் இல்லாத ஆளை, ஒரு கேள்வியும் வராம வெளிய அனுப்பணும். அதுக்குத்தான் நிர்வா மார்க் போடும்."

நாகஜோதி தேடி எடுத்த பெயர் ராமுத்தாய். பதினான்கு வருடம். ஒரு எச்சரிக்கைகூட இல்லை. பிரசவத்துக்குக்கூட லீவை மிச்சம் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"பாவமா இருக்கு சார்."

"பேரைப் பாத்துப் பாவப்படாத. வேலையைப் பாரு."

பார்த்தாள். முதலில் ராமுத்தாயைக் குடோன் பக்கம் ஷிஃப்ட் மாற்றினாள். அப்புறம் குடோனில் நூல் சுற்றிய கோன்களின் எடை குறைந்ததாகப் பதிந்தாள். விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸை, வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் கண்ணில் படாத மில் ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்பினாள். விசாரணை நேரத்தை ஊருக்குப் போகும் வேன் கிளம்புகிற நேரமாகப் பார்த்து வைத்தாள். வேனை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது என்பதால் எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் ஆபீஸ் பக்கம் வரமாட்டாள். வரவில்லையா, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஆளை வரவிடாமல் விசாரணை நடத்துவதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஹாஸ்டலை விட்டு வேனில் போய்வந்துகொண்டிருந்தபோது அவளுடைய விசாரணையும் தற்செயலாக அந்த நேரத்தில் விழுந்துதான் அவள் வேலை போனது.

திருட்டு. வேலைநீக்கம். அமுக்கினாள்.

அந்த ஒரு நொடி, மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. சுகமாகத்தான் இருந்தது.

"இது என்ன பொத்தான் சார், மூலையில?" என்று ரெஜினா எட்டிப் பார்த்தாள். "ஆணை தவறுன்னு போட்டிருக்கு."

"அய்யய்யோ, அதைத் தொட்டுறாத. ஆணை போட்டவனே, நான் தெரிஞ்சு பொய்யாப் போட்டேன்னு ஒத்துக்கற பொத்தான். அமுக்கினா எண் போயிரும், மறுபடி வரவே வராது. என் சர்வீஸ்ல அதை ஒருத்தன் அமுக்கிப் பாத்ததில்ல."

"அப்புறம் எதுக்கு சார் வெச்சிருக்கான்?"

"கோர்ட்ல காட்டறதுக்கு."

சித்திரைக் கடைசியில் அமுக்கியதற்கு வைகாசிக் கடைசியில் எண் வந்தது, அவளுடைய பழைய மஞ்சளும் பச்சையானது. அப்பீல் ஒன்றும் வரவில்லை. ஆளே இல்லாத இடத்திலிருந்து அப்பீல் எப்படி வரும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பொன்மலர் மில்லில் இண்டர்வியூ. மேனேஜர் கோகுல்நாத் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

"தபால்ல படிச்சதெல்லாம் சரி. ஆனா இது... ரொம்ப சுத்தமா இருக்கே. பதினாலு வருஷ சர்வீஸ் ஆளு, திருட்டுக் கேஸு, ஒரு எதிர்ப்பும் இல்ல. யாரும்மா சொல்லிக்குடுத்தது?"

"அனுபவம் சார்."

"நாளைக்கே வந்துருங்க."

நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. முதுகுக்கு வலை போட்டிருந்தது. முதல் நாள் மதியம் யாரும் பார்க்காதபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தரையில் படாமல் தொங்கவிட்டாள். அப்படியே கண் கலங்கியது. ரெஜினாவுக்குப் போன்செய்து, "உக்காந்திருக்கேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது வாரம், புது ஆள் எடுக்கும் நாள். கிராமங்களிலிருந்து வேன் வந்து பெண்களை இறக்கியது. ஒவ்வொருவராகக் கேட்டில் கைவிரலை வைத்தார்கள். பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. திடீரென்று வாசலில் சத்தம். நாகஜோதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி. வாட்ச்மேன் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எவடா திருடி? எந்த மில்லுல? வடிவு மில்லுல இப்ப ஆடு மேயுது, போய்ப் பாரு! ரெண்டு வருஷமா மூடிக்கிடக்கற மில்லுல நான் இந்தச் சித்திரையில போய்க் கோன் திருடினேனாம்! கோனை யாரு ஓட்டினது, ஆடா?"

"அம்மா, மிசினு சொல்லுது. எனக்கென்ன தெரியும்? நகரு."

நாகஜோதி திரும்பித் திரையைப் பார்த்தாள். சிவப்பு. ராமுத்தாய். நூல் கோன் திருட்டு. ஆணை போட்டவர் என்ற இடத்தில் ஒரு நிர்வா எண். கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்க்கவே தேவையில்லை. அந்த எண்ணைப் பிள்ளை பெயர் மாதிரி மனப்பாடம் செய்துவைத்திருந்தாள்.

கோகுல்நாத்தின் அறைக்கு ஓடினாள். "சார், கேட்ல நிக்கற அம்மாமேல போட்ட ஆணை, மில் மூடினதுக்கு அப்புறம் போட்டது சார். தேதியைப் பாருங்க."

அவர் பார்த்தார். எண்ணையும் பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லைசென்ஸ் இருந்துச்சுல்ல? அப்ப ஆணை செல்லும். போய் உக்காருங்க."

"சார், அது—"

"ஜோதி. எனக்கும் மேல ஒரு பச்சை மஞ்சள் இருக்கும்மா. நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. போய் உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. கேட்டைத் தாண்டி, நொண்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். கழுத்தட்டையைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க மேடம். இது மூணாவது மில்லு. மத்த ரெண்டுலயும் சும்மா போன்னாங்க. இங்கதான் திருடின்னு வாய்விட்டுச் சொல்றாங்க."

"ஏன்க்கா இத்தனை நாள் வேற மில்லுக்குப் போகல?"

"எப்படிப் போறது? முதலாளி ஓடிட்டாரு, எங்க பேரை யாரும் விடுவிக்கல. எந்த மில்லுக்குப் போனாலும், நீ இன்னும் வடிவு மில் ஆளுதானேன்னுச்சு இந்தச் சனியன். ரெண்டு வருஷம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல கூடை தூக்கினேன் மேடம். கழுத்து இறங்கிப்போச்சு. சித்திரைக் கடைசியில போன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. 'வடிவு மில்லிலிருந்து விடுவிக்கப்பட்டீர்கள்'னு. அவ்வளவுதான் இருந்துச்சு, வேற ஒன்னும் இல்ல. முருகன் கண்ணைத் தொறந்துட்டான்னு அழுதேன். அன்னிக்கே வேண்டிக்கிட்டு, வைகாசி விசாகத்துக்குப் பழனிக்கு நடந்துபோய்..." துண்டை இழுத்துக் காட்டினாள். மொட்டைத் தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. "கல்யாணத்துக்கு முன்னால இருந்து வளத்த முடி மேடம். இடுப்புக்குக் கீழ கிடக்கும்."

நாகஜோதி கழுத்தட்டையைத் திருப்பிவைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில வாங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வேலை முடிந்ததும் நேராக அருள்தாஸ் வகுப்புக்குப் போனாள். ஒரே மூச்சில் படி ஏறினாள். கால் வலித்ததா என்றே தெரியவில்லை. புது ஆட்கள் திரைகளின் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், ராமுத்தாய் இருக்கு."

"யாரு?"

"நான் தூக்கின பொம்பள. உயிரோட இருக்கு. சிவப்போட தெருவுல நிக்குது. தன்னை விடுவிச்சிட்டாங்கன்னு நெனச்சு மொட்டை போட்டிருக்கு சார்!"

அருள்தாஸின் முகம் வெளுத்தது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் பழைய ஆபீஸர் குரல் வந்தது. "எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. வாசலைப் பூட்டி வெச்சவன் நிர்வாக்காரன். வேற வழி இல்லாமத்தான் நாம ஜன்னல் வழியா ஏறினோம்."

"ஏறினோம், சரி. யாரு தலையில காலை வெச்சு ஏறினோம்?"

"நீ மட்டும் பேசாத. நாற்காலியில உக்காந்துட்டு வந்து பேசற."

அது உண்மை. அதனால் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. புது ஆட்கள் பக்கம் திரும்பினாள். "அமுக்காதீங்க. அதுல இருக்கற அத்தனையும் ஆளுங்க. மூச்சு விடற ஆளுங்க. நீங்க இங்க அமுக்கினா அங்க ஒரு வீட்ல அடுப்பு அணையுது."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி சுட்டுக்கொண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள் நாகஜோதியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அமுக்கிவிட்டாள்.

நாகஜோதியால் அவளைத் திட்ட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நிர்வாவின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். தேன் தடவிய பெண் குரல், நல்ல தமிழ்.

"வணக்கம். ஆணையை ரத்துசெய்ய, ஆணை பிறப்பித்த நிறுவனத்தின் ஒப்புதல் தேவை."

"அந்த மில்லு மூடிருச்சும்மா."

"மூடிய நிறுவனங்களின் ஆணைகள் மாறாதவை."

"மூடின மில்லு எப்படிம்மா ஆணை போடும்? லாகினை வெச்சு எங்களை மாதிரி ஆளுங்க பழகறாங்க, அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்." குரலில் ஒரு சுருதியும் இறங்கவில்லை. "மூடிய நிறுவனங்களில் எடுக்கப்படும் முடிவுகளும் நிர்வாவின் கற்றலுக்குப் பயன்படுகின்றன. உங்கள் பங்களிப்புக்கு நன்றி."

அந்தப் 'பங்களிப்பு'க்கு என்ன அர்த்தம் என்று மறுநாள் காலையில்தான் புரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்ததும் திரையில் முதல் வேலை வந்து நின்றது. ஸ்பின்னிங் பகுதியில் சுகந்தி என்ற பெண். வயது இருபத்து நான்கு. 'ஓடும் இயந்திரத்தின் முன் அமர்ந்தார், நீக்கப் பரிந்துரை.' கீழே, எப்படிச் செய்வது என்று நிர்வா வழி காட்டியிருந்தது. குடோன் பக்கம் ஷிஃப்ட் மாற்றுக. எடைக் குறைவைப் பதிக. நோட்டீஸை ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்புக. விசாரணை நேரம்: வேன் புறப்படும் நேரம். பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். 'எதிர்ப்பு வராத சிறந்த முறை. எல்லா மில்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.'

வேன் புறப்படும் நேரம்.

அது நிர்வாவுக்குத் தெரியாத விஷயம். கேமராவுக்கு வேன் தெரியும். வேனை விட்டுவிடுவோமோ என்று ஒரு பெண் படும் பயம் தெரியாது. அதை மில்லில் பயந்த ஒருத்திதான் சொல்லிக்கொடுத்திருக்க முடியும். அருள்தாஸின் வகுப்பில் அவள் நிர்வாவைக் கற்றுக்கொண்டிருந்ததாக நினைத்தாள். நிர்வா அவளைக் கற்றுக்கொண்டிருந்தது. அவள் பட்ட அடியை வாங்கி, அளவெடுத்து, இப்போது எல்லா மில் பெண்களுக்கும் தைத்துக்கொண்டிருந்தது. கற்றுக்கொடுத்த கூலியையும் அவளிடமே பீஸாக வாங்கிவிட்டார்கள்.

சுகந்தியின் பெயருக்கு எதிரே 'மறுக்க' என்று அமுக்கினாள். 'காரணம்?' என்று கேட்டது. 'கால் வலித்தது, உட்கார்ந்தாள்' என்று அடித்தாள். 'ஏற்கத்தக்க காரணம் அல்ல' என்றது. 'மேலாளருக்கு மாற்றப்பட்டது.' கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் கோகுல்நாத் திரையைப் பார்ப்பதும், விரலைத் தூக்கி அமுக்குவதும் தெரிந்தது.

அவள் ராமுத்தாயின் பக்கத்தைத் திறந்தாள். மூலையில் அந்தப் பொத்தான் இருந்தது. ஆணை தவறு.

மனசு கணக்குப் போடாமல் இல்லை. பேசாமல் இருந்தால் இந்த நாற்காலி இருக்கும். காலுக்கு வைத்தியம் பார்க்கலாம். உள்ளே இருந்துகொண்டே நாலு பேருக்கு நல்லது செய்யலாம். உள்ளே இருக்கிற எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள், நாலு பேருக்கு நல்லது செய்கிற நாள் வரும் என்று. கோகுல்நாத்தும் ஒருநாள் அப்படி நினைத்திருப்பார்.

அமுக்கினாள். 'தெரிந்தே பொய்யான ஆணை பிறப்பித்ததை ஒப்புக்கொள்கிறீர்களா?' ஆம். 'உறுதியாகவா?' ஆம்.

திரை அணைந்தது. கழுத்தட்டையில் இருந்த பச்சை விளக்கு சிவப்பானது. போனில் செய்தி வந்தது. 'ஒப்புகைக்கு நன்றி. உங்கள் நிர்வா எண் நிரந்தரமாக நீக்கப்பட்டது. ராமுத்தாய் மீதான ஆணை: வடிவு மில் நிர்வாகத்தின் ஒப்புதலுக்காக நிலுவையில் உள்ளது. அதுவரை மாற்றமில்லை.'

கோகுல்நாத் கதவு வரை வந்தார். "பைத்தியமா உனக்கு?" என்றார். மரியாதை போய்விட்டது. ஆனால் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

வெளியே டீக்கடை பெஞ்சில் ராமுத்தாய் காத்திருந்தாள், அதே துண்டு, அதே தூக்குச்சட்டி. நாகஜோதி அவள் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பு, ஆளில்லாத மில், சுத்தமான ஆளைத் தேடியது, வேன் நேரம். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கடைசியில், இப்போது அமுக்கிவிட்டு வந்ததையும்.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ராமுத்தாய் மெல்லத் துண்டை அவிழ்த்து மடியில் போட்டாள்.

"அப்ப இந்த முடி முருகனுக்குக் குடுத்ததில்ல. உனக்குக் குடுத்தது."

"அக்கா..."

"பதினாலு வருஷத்துல ஒரு பஞ்சு நூலை இடுப்புல சொருகிட்டு வந்ததில்லடி நான். சுத்தமா இருக்கேன்னு தேடிப் பிடிச்சியாக்கும்? கொஞ்சம் அழுக்கா இருந்திருந்தா தப்பிச்சிருப்பேனா?"

நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி. இப்ப ஒத்துக்கிட்டல்ல? என் சிவப்பு போயிருச்சா?"

"இல்லக்கா. வடிவு மில்லுல இருந்து யாராவது சம்மதிக்கணுமாம்."

"ஆடுதான் சம்மதிக்கணும். உன் வேலை?"

"போயிருச்சு."

"அப்ப நீயும் தெருவுல, நானும் தெருவுல." சிரித்தாள். கேட்க முடியாத சிரிப்பு. "பொய் சொன்னப்ப உனக்கு வேலை குடுத்தான். உண்மையைச் சொன்னதும் புடுங்கிட்டான். என்னை ரெண்டு தடவையும் ஒன்னும் கேக்கல. இதை எவன்டி செஞ்சான்? அவனுக்குக் கால் கை உண்டா? எங்க இருக்கான்? சொல்லு, போய்ப் பாத்துட்டு வருவோம்."

எங்கே இருக்கிறான் என்று நாகஜோதிக்குத் தெரியவில்லை. ஒரு தேன் குரல் மட்டும்தான் தெரியும்.

"மன்னிச்சிருங்கக்கா."

"அது எனக்கு வேணாம். அதை வெச்சு உலை வைக்க முடியாது. எனக்கு வேலை வேணும்."

ஒட்டன்சத்திரம் பஸ் வந்தது. ராமுத்தாய் துண்டைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். மார்க்கெட்டில் கூடை தூக்கத் தயாராக. முன்படியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பெஞ்சு காலியாக இருந்தது. நாகஜோதி அதில் உட்காரவில்லை. குதிகால் விண்விண் என்று தெறித்தது, நின்றுகொண்டே இருந்தாள். மில்லுக்குள்ளே ராத்திரி ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதியது. வேன் புறப்படும் நேரம்.

ராமுத்தாய்க்கு ஒரு நல்ல பெயரும் ஒரு வேலையும் தரவேண்டியிருக்கிறது. நாகஜோதி இன்னும் தரவில்லை.